கோவில்பட்டியில் தங்குங்கள், பஸ்ஸில் போங்கள்

கரிசல் பக்கம் ஒரு தடவை போய் எட்டயபுரம், கழுகுமலை எல்லாம் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முதலில் செய்வது கார் பேசுவதுதான். மதுரையிலோ திருநெல்வேலியிலோ விடியக்காலம் வண்டி ஏறி, கயத்தாறு, கழுகுமலை, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நேரம் மிஞ்சினால் திருச்செந்தூர் என்று ஒரே நாளில் சுற்றி, ராத்திரி வீடு வந்து சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கு கரிசல் சீமைக்கு ஒத்துவராது என்பது என் கட்சி. கோவில்பட்டியில் ரூம் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டு, சாதாரண பஸ்ஸில் போய்த் திரும்புவதுதான் இந்த ஊர்களைப் பார்க்கச் சரியான வழி. காசு மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஊர்கள் அமைந்திருக்கிற விதம், பஸ் ஓடுகிற விதம், அங்கே பார்க்க இருக்கிறவற்றின் தன்மை ஆகிய மூன்றும் இந்தப் பக்கமே சாய்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறேன். எதிர்த்துச் சொல்லக்கூடியவற்றையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.

முதலில் ஊர்களின் அமைப்பு. 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. கரிசலில் விளைந்த பருத்தி துறைமுகத்துக்குப் போக அது பெரிய வழியாயிற்று. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி என்று அந்தப் பாதை தெற்கே இறங்குகிறது. பாளையத்தின் தலைநகராக இருந்து பிறகு ஜமீனான எட்டயபுரம் அதற்குக் கிழக்கே ஒதுங்கிவிட்டது. பாண்டியர் காலத்துக் கற்கோயிலும் சமணச் சிற்பங்களும் உள்ள கழுகுமலை மேற்கே ஒதுங்கிவிட்டது. ஸ்டேஷன் விழுந்த கோவில்பட்டிக்குப் பஞ்சாலை வந்தது, தீப்பெட்டித் தொழில் வந்தது, கமிஷன் கடைகள் வந்தன. அவற்றின் பின்னாலேயே லாட்ஜும் மெஸ்ஸும் பஸ் ஸ்டாண்டும் வந்துவிட்டன. பழம்பெருமை உள்ள ஊர்கள் இன்றும் சிற்றூர்களாகவே இருப்பதற்கு ரயில் அவற்றைத் தொடாமல் போனது ஒரு முக்கியமான காரணம். பார்க்க வேண்டியவை சுற்றிலும் கிடக்க, தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் வண்டி பிடிப்பதற்குமான வசதி நடுவில் சேர்ந்துவிட்டது. வியாபாரிகள் வந்து போகிற ஊர் என்பதால் கோவில்பட்டியில் சுற்றுலாத் தலங்களைப் போல சீசனுக்கு ஒரு வாடகை இருப்பதில்லை. சென்னையிலிருந்து வருகிற நெல்லை எக்ஸ்பிரஸும் முத்துநகர் எக்ஸ்பிரஸும் விடிவதற்குள் இங்கே இறக்கிவிடுகின்றன. 2024 ஆகஸ்டில் தொடங்கிய சென்னை எழும்பூர் – நாகர்கோவில் வந்தே பாரத்தும் இங்கே நிற்கிறது.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். கிழக்கே எட்டயபுரம் சுமார் 15 கிலோமீட்டர். மேற்கே கழுகுமலை 20 கிலோமீட்டர் சொச்சம். வடக்கே சாத்தூரும் ஏறக்குறைய அதே தூரம். தெற்கே கயத்தாறு 25-ஐக் கொஞ்சம் தாண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடத்திலிருந்து ஆரக்கால்கள் கிளம்புவதைப் போல எல்லாச் சாலைகளும் கோவில்பட்டியிலிருந்து பிரிகின்றன. ஆரக்கால்கள் மேல் பஸ் நிறைய ஓடுகிறது. கழுகுமலைக்குப் போகிறவை சங்கரன்கோவில் வரைக்கும், எட்டயபுரத்துக்குப் போகிறவை விளாத்திகுளம், தூத்துக்குடி பக்கமும் தாண்டிப் போகிற தடங்கள் என்பதால், ஒன்றை விட்டால் அடுத்தது என்ற நிலை பகல் நேரத்தில் இருக்கிறது. கழுகுமலையிலிருந்து எட்டயபுரத்துக்கு நேராகப் போகலாமா என்றால், காரில் போனாலும் கோவில்பட்டியைத் தொட்டுத்தான் போக வேண்டும். அதாவது, ஊர்களைச் சங்கிலியாகக் கோத்துச் சுற்றுவதற்குக் கார் தருகிற அனுகூலம் இந்த நிலத்தில் பாதிக்கு மேல் அடிபட்டுப் போகிறது. ஒரு திசைக்குப் போய், அதே வழியில் திரும்பி, மறுநாள் இன்னொரு திசை என்பதே நிலத்தின் போக்கு. பஸ் தடங்களும் அதே போக்கில்தான் விழுந்திருக்கின்றன.

அடுத்தது, பார்க்க இருக்கிறவற்றின் தன்மை. கழுகுமலை வெட்டுவான் கோயிலை எடுத்துக்கொள்வோம். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. மலையின் ஒரு பகுதியைச் சுற்றிலும் பள்ளமாக வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் மிச்சம் நின்ற ஒற்றைக் கல்லை மேலிருந்து கீழாகக் கோயிலாகச் செதுக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். எல்லோரா கைலாசநாதர் கோயிலும் இதே முறைதான், ஏறக்குறைய இதே காலம்தான். கழுகுமலையில் வேலை பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பாதிதான் இங்கே பாடம். சிகரத்தில் கொடிக்கருக்கும் கூடுகளும் நுணுக்கமாக முடிந்திருக்கும். அதற்குக் கீழே சிவனும் உமையும் பேசிக்கொண்டிருக்கிற கோலம், மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி, கணங்களின் வரிசை. இன்னும் கீழே கண்ணை இறக்கினால் உருவம் பிடிபடாத வெறும் பாறை, உளி பட்ட தடத்தோடு. ஒரு கோயில் எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் செய்துகொண்டிருந்த கட்டத்திலேயே காட்டுகிற இடம் தமிழ்நாட்டில் அபூர்வம். இதைப் பிடிக்க ஒரு சுற்று போதாது. மேலே பாறை விளிம்பில் நின்று சிகரத்தைப் பார்க்க வேண்டும், கீழே இறங்கி அண்ணாந்து பார்க்க வேண்டும், பிறகு மறுபடியும் மேலே ஏற வேண்டும்.

அங்கிருந்து நடந்தால் சமணச் சிற்பங்கள். பாறை முகப்பில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், பாகுபலி, பார்சுவநாதர், சிங்கத்தோடு நிற்கிற அம்பிகை இயக்கி. பலவற்றுக்குக் கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர் யார், எந்த ஊர், யாருக்காகச் செய்தது என்று வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயர்களில் குரத்திகள் என்கிற பெண் துறவியர் கணிசமாக வருகிறார்கள். குமரிப் பக்கம் சிதறாலில் இருந்த திருச்சாரணத்துக் குரத்திகளும் இங்கே படிமம் செய்வித்திருக்கிறார்கள். ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் அவ்வளவு தொலைவில் இருந்த பெண்களுக்கு இந்த மலையோடு உறவு இருந்தது என்பதற்கு அந்தக் கல்வெட்டுகளே சாட்சி. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி குடைவரைக் கோயில். அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடியது இந்த முருகன் மேல்தான். அவருடைய ஊரான சென்னிகுளம் சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கிறது. இவ்வளவும் உள்ள ஊருக்குக் கார்த் திட்டத்தில் ஒதுக்கப்படுவது ஒன்றரை மணி நேரம். டிரைவர் கீழே காத்திருக்கிறார் என்ற நினைப்பு மேலே ஏறும்போதே மனதில் ஓட ஆரம்பித்துவிடும். பஸ்ஸில் வந்தவருக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒரு பஸ் போனால் அடுத்த பஸ்.

எட்டயபுரத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். பாரதி 1882 டிசம்பர் 11-இல் பிறந்த வீடு இருக்கிறது. மணிமண்டபம் இருக்கிறது. கல்கி பத்திரிகை வழியாக வேண்டுகோள் விட்டு, ஜனங்களிடம் பணம் திரட்டி, 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டி, 1947-இல் திறந்தது. பெரும்பாலோர் இந்த இரண்டோடு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அதே ஊரில்தான் முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் காலமானார், அவருடைய சமாதியும் அங்கேயே. அவருடைய தம்பி, கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர், எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தவர். அந்தக் குடும்பத்தின் சுப்பராம தீட்சிதர் தொகுத்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904-இல் அச்சானது இந்த ஊரில்தான். தீட்சிதர் கிருதிகள் இன்றைக்கு இவ்வளவு கிடைப்பதற்கு அந்தப் புத்தகம் பெரிய காரணம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் இங்கேதான். கட்டபொம்மனுக்கு எதிராகக் கம்பெனியோடு நின்ற பாளையமும் இதுவே. அவன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட 1799 அக்டோபர் 16-க்கு 83 வருஷம் கழித்து, விடுதலையைப் பாடிய கவிஞன் இதே எட்டயபுரத்தில் பிறக்கிறான். ஒரு ஊரின் வரலாறு நல்லதும் கெட்டதுமாகப் பின்னிக் கிடப்பதை யோசிக்க, தெருத்தெருவாக நடக்க வேண்டும், ஒரு டீக்கடையில் உட்கார வேண்டும், எதிர்ப்படுகிறவரிடம் வழி கேட்க வேண்டும். கேட் வாசலில் இறங்கி கேட் வாசலிலேயே ஏறுகிறவருக்கு இது வாய்க்காது.

இனி திட்டம் போடுகிற முறை. எந்த ஊருக்குப் போனாலும் திரும்புகிற பஸ்ஸிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். போகிற பஸ் காலையில் எப்படியும் கிடைத்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் சிற்றூர்களில் வண்டி குறையும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஏறும்போதே கண்டக்டரிடமோ டைம் கீப்பரிடமோ கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு இரண்டு வண்டி முந்தியதை நமக்கான கடைசி வண்டியாக வைத்துக்கொண்டால் எந்தப் பதற்றமும் இல்லை. அடுத்தது மத்தியானம். கோயில்கள் பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும். எனவே கழுகுமலையில் காலை எட்டு மணிக்குள் மலை ஏறிவிட வேண்டும். பாறை சூடேறுவதற்குள் இறங்கி, நடை சாத்துமுன் முருகனைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்குக் கோவில்பட்டி திரும்பிவிடலாம். அல்லது அங்கிருந்து மேற்கே சங்கரன்கோவில் பஸ் பிடித்து, நாலு மணிக்கு நடை திறந்ததும் சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் பார்த்துவிட்டு, அங்கேயே பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறிவிடலாம். வந்த வழியே திரும்ப வேண்டாத இந்த ஏற்பாடு கடைசி நாளுக்கு அருமையாகப் பொருந்தும். எட்டயபுரத்தில் இருப்பவை பெரும்பாலும் நினைவிடங்கள் என்பதால் அங்கே மத்தியான இடைவெளி அவ்வளவாக உறுத்தாது. ஆனால் விடுமுறை உண்டா என்று முந்தின நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

கயத்தாறு போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. திருநெல்வேலி போகிற எல்லா பஸ்ஸும் ஊருக்குள் போவதில்லை, நாற்கரச் சாலை வந்த பிறகு பல வண்டிகள் வெளியோடு வெளியாகவே போய்விடுகின்றன. கோவில்பட்டிக்கே ஊருக்குள் ஒரு பஸ் ஸ்டாண்டும் பைபாஸில் ஒரு கூடுதல் பஸ் ஸ்டாண்டும் என்று இரண்டு இருக்கின்றன. ஏறுவதற்கு முன்னால், “அண்ணே, ஊருக்குள்ள போகுமா, பைபாஸ்லயே போயிருமா?” என்று கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு கேள்வி வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடையை மிச்சப்படுத்தும்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி நாள் போய்விடும் என்பது முதலாவது. ஒரு நாளில் நாலு ஊர் பார்க்க நினைத்தால் இது உண்மைதான், ஒவ்வொரு மாற்றத்துக்கும் காத்திருப்பு கூடிக்கொண்டே போகும். ஒரு திசை என்று வைத்துக்கொண்டால் போக ஒரு பஸ், வர ஒரு பஸ். எட்டயபுரத்துக்கு அரை மணி, கழுகுமலைக்கு முக்கால் மணி என்று வைத்தாலும், காத்திருப்பையும் சேர்த்து ஒரு நாளில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போக்குவரத்துக்குச் செலவாகாது. நாலு ஊர் சுற்றுகிற கார்ப் பயணத்தில் சீட்டில் உட்கார்ந்திருக்கிற நேரம் இதைவிடக் கூடுதல். அந்த நேரத்தில் கண்ணில் படுவதோ நாற்கரச் சாலையின் நடுவில் நிற்கிற அரளிச் செடி. ஊர்ச் சாலையில் போகிற பஸ் ஒவ்வொரு விலக்கிலும் நின்று போகிறது. வெடிப்பு விட்ட கரிசல், உளுந்தும் மக்காச்சோளமும் நிற்கிற புஞ்சை, வேலிக்கருவை, தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் என்று இந்தச் சீமை எதனால் பிழைக்கிறது என்பது ஜன்னலோரத்திலேயே தெரிந்துவிடும்.

வயசானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் எப்படிப் போவது என்பது இரண்டாவது. இது நியாயமான கவலை, ஒதுக்கிவிட முடியாது. வெட்டுவான் கோயிலுக்கு மலை ஏறித்தான் ஆக வேண்டும், முட்டி வலி உள்ளவர்களுக்கு அது சிரமம், அதைக் காரும் தீர்த்து வைக்காது. மற்றபடி பஸ் ஸ்டாண்டிலிருந்து இடத்துக்கு ஆட்டோ வைத்துக்கொண்டால் நடை பெரும்பாலும் குறைந்துவிடும். முழு நாள் கார் வாடகையில் ஒரு சிறு பங்குதான் அதற்கு ஆகும். சிற்றூர்களில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை கிடைப்பது கடினம் என்பதும் உண்மை. காரில் போனாலும் அதே ஊரில், அதே கழிப்பறைதான். ஒரு திசை, அரை நாள், மத்தியானத்துக்குள் ரூமுக்குத் திரும்புதல் என்ற ஏற்பாட்டில் இந்தச் சிரமம் மிகவும் குறையும். இரண்டாவது அரை நாளை ஓய்வுக்கோ, சாயங்காலம் செண்பகவல்லி அம்மன் கோயிலுக்கோ, 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய் வாங்கவோ வைத்துக்கொள்ளலாம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியதிலிருந்து செலவும் இன்னும் இறங்கியிருக்கிறது. வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற பெண்கள் நிறைந்த வண்டியில் தனியாகப் போகிற ஒரு பெண்ணுக்குத் துணையும் இருக்கிறது.

மூன்றாவது எதிர்வாதம் வலுவானது. எல்லா இடத்துக்கும் பஸ் இப்படி வசதியாக இல்லை. பாஞ்சாலங்குறிச்சி இதற்குச் சரியான உதாரணம். கம்பெனிப் படை தரைமட்டமாக்கிய கோட்டையின் நினைவாக 1974-இல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை அங்கே இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து போவதென்றால் எட்டயபுரம் தாண்டி, குறுக்குச்சாலையில் இறங்கி வண்டி மாற வேண்டும், அங்கே பஸ் அடிக்கடி கிடையாது. இதற்கு என் பதில், பாஞ்சாலங்குறிச்சியைக் கோவில்பட்டிக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதுதான். அது தூத்துக்குடியின் ஆரக்கால். தூத்துக்குடியில் ஒரு நாள் தங்கி, வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரத்தையும் அதையும் சேர்த்து ஒரே திசையாகப் பார்க்கலாம். இடைசெவலும் இப்படி ஒரு விதிவிலக்கு. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர், நாற்கரச் சாலையை விட்டு உள்ளே இருக்கிறது. தூரம் கம்மிதான் என்பதால் கோவில்பட்டியிலிருந்தே ஆட்டோ பேசிப் போய்வந்துவிடலாம். மதுரை – நெல்லை பாதையில் ரயிலில் போனால் பக்கத்திலுள்ள குமாரபுரம் ஸ்டேஷன் கண்ணில் படும். அழகிரிசாமி கதையாக எழுதிய ஸ்டேஷன் அது. எங்கே பஸ் தோற்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அங்கே மட்டும் ஆட்டோவோ காரோ வைத்துக்கொள்வது என் வாதத்தைக் கெடுக்காது. அடிப்படை பஸ்ஸாக இருக்கட்டும், விதிவிலக்குக்கு வாடகை வண்டி.

எந்த மாதம் போவது என்பதும் இதே கணக்கில் வருகிறது. பஸ்ஸில் போகிறவர் வெயிலோடும் மழையோடும் நேரடியாகப் பழக வேண்டும். சித்திரை, வைகாசியில் கரிசலில் பகல் பதினோரு மணிக்கு மேல் நடக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கழுகுமலைப் பாறை வழுக்கும். மார்கழி முதல் மாசி வரை மிக நல்ல காலம். மழையில் விதைத்தது விளைந்து நிற்கும், கரிசல் பச்சையாக இருக்கிற கொஞ்ச காலம் அதுதான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தப்பினால் எட்டயபுரத்துக்குத் தீட்சிதர் நினைவு நாளான தீபாவளியை ஒட்டியும், டிசம்பர் 11-ஐ ஒட்டியும் போவதற்குப் பொருத்தம் உண்டு.

இதில் அரசும் செய்ய வேண்டியது இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் 1982-இலிருந்து ரயிலும் மலை பஸ்ஸும் ஒரே கால அட்டவணையில், ஒன்றுக்கொன்று காத்திருந்து இணைப்புக் கொடுக்கும்படி ஓடுகின்றன. அதனால் அங்கே ஒரு சின்னஞ்சிறு மலையூருக்கும் வெளிநாட்டுக்காரர் கார் இல்லாமல் போய்வருகிறார். நம்மிடம் பஸ் இருக்கிறது, அறிவிப்புத்தான் இல்லை. கோவில்பட்டி ஸ்டேஷன் வாசலில் எட்டயபுரத்துக்கும் கழுகுமலைக்கும் எந்த பஸ் ஸ்டாண்டில், எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எப்போது என்று ஒரு பலகை வைக்கப் பெரிய செலவு ஆகாது. வெட்டுவான் கோயில் அடிவாரத்திலும் மணிமண்டப வாசலிலும் திரும்பும் பஸ் நேரத்தை எழுதி வைத்தால் வெளியூர்க்காரருக்கு இருக்கிற பயத்தில் பாதி போய்விடும். ஒரு நல்ல கழிப்பறை மீதியையும் போக்கும்.

நான் பஸ்ஸை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் கடைசியாக ஒரு காரணம் சொல்கிறேன். காரில் வந்து போகிறவரின் பணம் வாடகைக்கும் டீசலுக்கும் நாற்கரச் சாலை ஓட்டலுக்கும் போய்விடுகிறது, எட்டயபுரத்தில் ஒரு டீ குடிப்பதற்குக்கூட அவருக்கு நேரம் இருப்பதில்லை. பஸ்ஸில் வருகிறவர் ஊருக்குள் இறங்கி, ஊருக்குள் சாப்பிட்டு, ஊர்க்காரரிடம் வழி கேட்டு, ஆட்டோ பேசி, அரை நாளாவது அங்கே இருக்கிறார். ரயில் விட்டுப்போனதால் சிறுத்துப்போன ஊர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான். வெளியூர்க்காரர்கள் ஏறி இறங்குகிறார்கள் என்று தெரிந்தால்தான் அந்தத் தடத்தில் பஸ் குறையாமல் இருக்கும், பலகை வைக்க யாருக்காவது தோன்றும், நினைவிடங்களின் கதவு நேரத்துக்குத் திறக்கும். ஆகவே அடுத்த லீவுக்குக் கோவில்பட்டிக்கு டிக்கெட் போடுங்கள். இரண்டு ராத்திரி தங்குங்கள். முதல் நாள் கிழக்கே, மறுநாள் மேற்கே. மூன்றாவது ஊரை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.